முதல் அடி யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சண்டை சச்சரவு பற்றியவை. வீட்டுச் சண்டை, கட்சிச் சண்டை, நாட்டுச் சண்டை எல்லாம் உண்டு. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டுப் பகையை மட்டும் எடுத்துக்கொண்டேன். சொத்து வழக்குகளிலேயே தலை நரைத்த ஒரு பழைய வக்கீலிடம் இதைக் கேட்டால் பதில் எந்தப் பக்கம் சாயும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கேள்வி: ஒரு வயிற்றில் பிறந்து ஒன்றாக வளர்ந்த அண்ணன் தம்பிகள் எப்படி ஜென்ம விரோதிகள் ஆகிறார்கள்? அது எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது? – ஓர் ஆசிரியை

பதில்: ஆரம்பம் ஒன்றாக இருந்தால் வக்கீல்களுக்குப் பிழைப்பே இல்லை, அம்மா. பாகப்பிரிவினை என்று யார் வந்தாலும், பத்திரத்தைப் பிரிப்பதற்கு முன்னால் நான் கேட்பது, “எப்போதிலிருந்து பேச்சு இல்லை?” என்பதைத்தான். சமரசத்துக்கு உட்காரும்போது எதிர்த்தரப்பையும் இதையே கேட்பேன். இரண்டு பேரும் ஒரே நாளைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஒரு வழக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா இறந்த பிறகு தம்பி வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டார். அண்ணனைப் பொறுத்தவரை பகை அன்றைக்குத்தான் பிறந்தது. “அதுவரை நாங்கள் ராமன் லட்சுமணன் சார்” என்றார். தம்பியைக் கேட்டால், அவர் கணக்கு அதற்கு நாலைந்து வருடம் முன்னால் தொடங்கியது. உறவுக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்த ஒரு நாளில், தம்பியின் படிப்புக்கு எந்த வருடம் எவ்வளவு செலவானது என்று அண்ணன் ஒரு நோட்டைப் பார்த்து வாசித்திருக்கிறார். அண்ணனுக்கு அது நினைவிலேயே இல்லை. நான் சொன்னதும், “ஆமாம், வாசித்தேன். உண்மையைத்தானே வாசித்தேன்?” என்றார். அவருக்கு அது கணக்கு. தம்பிக்கு அது சபையில் வாங்கிய அறை. பூட்டு மாற்றியது தம்பியின் கணக்கில் பதிலடி, அண்ணனின் கணக்கில் முதல் அடி.

என் அனுபவத்தில் பகை என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். இரண்டு பேரும் தாங்கள் அடி வாங்கிய நாளிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முந்தைய பக்கத்தை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

உலகம் அறிந்த உதாரணம் வேண்டுமென்றால் ஜெர்மனியின் ஹெர்ட்சோகனௌராக் என்ற சிற்றூரைச் சேர்ந்த டாஸ்லர் சகோதரர்கள். அடால்ஃப், ருடால்ஃப் என்று இரண்டு பேர். 1924-இல் சேர்ந்து காலணித் தொழிற்சாலை தொடங்கினார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் ஓடியது இவர்கள் தயாரித்த காலணியில்தான். போர் முடிந்ததும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. 1948-இல் பிரிந்தார்கள். ருடால்ஃப் ஆற்றுக்கு அந்தக் கரையில் பூமாவை ஆரம்பித்தார். அடால்ஃபின் நிறுவனம் 1949-இல் அடிடாஸ் என்று பதிவானது. ஊரே இரண்டாகப் பிரிந்தது. பேசுவதற்கு முன்னால் எதிரில் இருப்பவர் எந்தக் காலணி போட்டிருக்கிறார் என்று குனிந்து பார்ப்பார்களாம். அதனால் ‘குனிந்த கழுத்துகளின் ஊர்’ என்றே அதற்குப் பட்டப்பெயர். சகோதரர்கள் இருவரையும் புதைத்தது ஒரே கல்லறைத் தோட்டத்தில்தான், ஆனால் ஆளுக்கொரு கோடியில்.

சரி, எதற்காகப் பிரிந்தார்கள்? குண்டு வீச்சுக்குப் பயந்து பதுங்கியிருந்தபோது ஒருவர் விமானங்களைத் திட்டியதை மற்றவர் தன்னைத் திட்டியதாக எடுத்துக்கொண்டார் என்று ஒரு கதை. போருக்குப் பிறகு தான் கைதானதற்குத் தம்பி காட்டிக்கொடுத்ததுதான் காரணம் என்று ருடால்ஃப் நம்பினார் என்று இன்னொரு கதை. மனைவிமார்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்று வேறொன்று. (எந்தக் குடும்பப் பகையிலும் பழியை மருமகள்கள் தலையில் போட ஒரு கதை தயாராக இருக்கும். நான் பார்த்த வழக்குகளில் அது பாதிக்குப் பாதி பொய்.) அவர்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் ஆகியும் காரணம் இதுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. காரணம் தொலைந்துபோன பிறகும் பகை மட்டும் நன்றாக நடந்துகொண்டிருந்தது.

கேள்வி: நான் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. எனக்கு என்ன செய்தார்களோ அதை மட்டும், அதே அளவில் திருப்பிச் செய்வேன். இதில் என்ன தப்பு? – ஒரு வாசகர்

பதில்: தப்பு ‘அதே அளவில்’ என்பதில்தான் இருக்கிறது. 2003-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பேரை உட்கார வைத்து, ஒருவர் விரலை ஒரு சிறு கருவியால் லேசாக அழுத்தினார்கள். “உங்கள் விரலில் எவ்வளவு அழுத்தம் பட்டதோ அதே அளவு அழுத்தத்தை எதிரில் இருப்பவருக்குக் கொடுங்கள்” என்று சொன்னார்கள். எதிரில் இருப்பவருக்கும் இதே உத்தரவுதான். ஆனால் ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. கோபம் இல்லை, பழைய வஞ்சம் இல்லை, சொத்து இல்லை. அப்படியும் ஒவ்வொரு முறை கை மாறும்போதும் அழுத்தம் சராசரியாக 38 சதவீதம் ஏறிக்கொண்டே போனது. இரண்டு பேரும் வாங்கியதைத்தான் கொடுத்தோம் என்று உண்மையாகவே நம்பினார்கள்.

காரணம் மனசில் இல்லை, மூளையில் இருக்கிறது. நாமே செய்யும் செயலின் உணர்ச்சியை மூளை முன்கூட்டியே எதிர்பார்த்துக் குறைத்துக்கொள்கிறது. நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதனால்தான். ஆக, நாம் கொடுக்கும் அடி நமக்கு லேசாகத் தெரியும், வாங்கும் அடி முழுசாக வலிக்கும். இரண்டு விரலுக்கு இடையிலேயே இந்த நிலைமை என்றால், வக்கீல் நோட்டீசில் சேர்க்கும் ஒவ்வொரு அடைமொழிக்கும் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: எல்லாப் பகைக்கும் அடியில் பணமும் நிலமும்தானே இருக்கிறது? – ஒரு வியாபாரி

பதில்: பணமும் நிலமும் சண்டைக்குக் காரணம். சண்டை வேறு, பகை வேறு. நிலத்தைப் பிரித்துக்கொடுத்தால் சண்டை தீர்ந்துவிடும். பகை தீராது.

ஒரு குடும்பத்தில் வீடு, மனை, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் பேசி முடித்தோம். மிச்சம் இருந்தது அம்மாவின் தையல் மெஷின் ஒன்று. ஓடாது. பெல்ட் அறுந்து, தகரமெல்லாம் துருப்பிடித்த மெஷின். அதற்காக மறுபடி மறுபடி உட்கார்ந்தோம். மூத்த மருமகள் எப்போதோ, “இந்தப் பழசை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்யப்போகிறாள்?” என்று சொன்னது இளையவர் காதுக்குப் போயிருக்கிறது. அவள் என்ன செய்யப்போகிறாள் என்ற அந்த ஒரு வரியைத்தான் இரண்டு பேரும் கையில் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். கடைசியில் மெஷின் தங்கைக்குப் போனது. அவர் கேட்கவே இல்லை, பாவம்.

துரோணரையும் துருபதனையும் நினைத்துப் பாருங்கள். குருகுலத்தில் கூடப் படித்தவர்கள். வறுமையில் வாடிய துரோணர் பழைய சிநேகிதத்தைச் சொல்லிக்கொண்டு போய் நின்றார். துருபதன் இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் வருத்தத்தோடு திரும்பியிருப்பார், அவ்வளவுதான். “அரசனுக்கும் ஆண்டிக்கும் என்ன நட்பு?” என்ற தொனியில் பேசினான் பாருங்கள், அங்கேதான் விதை விழுந்தது. துரோணர் என்ன செய்தார்? பொன் சேர்க்கப் போகவில்லை. சீடர்களை உருவாக்கி, அவர்களை அனுப்பித் துருபதனைக் கட்டி இழுத்துவரச் செய்து, பாதி நாட்டைத் தான் வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். “இப்போது நாம் சமம், இனி நண்பர்களாக இருக்கலாம்” என்றார். அவர் கணக்கில் அத்தோடு நேர். துருபதன் கணக்கில் அதுதான் முதல் பக்கம். துரோணரைக் கொல்ல ஒரு மகன் வேண்டும் என்று யாகம் செய்தான். அந்த மகன் குருட்சேத்திரத்தில் துரோணரின் தலையை வெட்டினான். துரோணரின் மகன் ராத்திரி பாசறைக்குள் புகுந்து அவனைக் கொன்றான். இதில் எங்கே ஐயா நிலப் பிரச்சினை? பாதி நாடு கையில் கிடைத்தபோதும் துரோணர் ஆண்டு அனுபவிக்கவில்லை.

பறித்துக்கொண்டவனை மனிதர்கள் நாளாக நாளாக மறந்துவிடுகிறார்கள். பார்த்துச் சிரித்தவனை மறப்பதில்லை.

கேள்வி: எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஒரு கூட்டத்தின் மேல் எனக்கு வெறுப்பு வருகிறது. அவர்களில் ஒருவரைக்கூட நேரில் தெரியாது. இது ஏன்? – ஒரு கல்லூரி மாணவர்

பதில்: முதலில், இதை ஒத்துக்கொண்டு எழுதியதற்கு ஒரு சபாஷ். பெரும்பாலானவர்கள் அந்த வெறுப்புக்குக் கொள்கை என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

கூட்டம் சேர்வதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. 1970-ஐ ஒட்டி, ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களை அற்பமான ஒரு காரணம் சொல்லி இரண்டாகப் பிரித்தார். திரையில் தெரிந்த புள்ளிகளைக் கூடுதலாக மதிப்பிட்டவர்கள் ஒரு பக்கம், குறைவாக மதிப்பிட்டவர்கள் இன்னொரு பக்கம் என்று சொன்னார். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். யார் தன் பக்கம் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. பிறகு, பெயர் தெரியாத இருவருக்குப் பரிசுத் தொகையைப் பங்கிடச் சொன்னார். பையன்கள் தங்கள் பக்கத்துக்குச் சாதகமாகப் பங்கிட்டார்கள். அதில்கூட ஆச்சரியம் இல்லை. தங்கள் பக்கத்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அந்தப் பக்கத்துக்கு அதைவிட நிறையக் குறைந்தால் போதும் என்று கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். புள்ளி எண்ணியதற்கே இப்படி!

இன்னொரு சோதனை இதைவிடப் பிரபலம். 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ் என்ற காட்டுப் பூங்காவில், முசாஃபர் ஷெரிஃப் என்பவர் பதினொரு வயதை ஒட்டிய 22 பையன்களை முகாமுக்கு அழைத்துப் போனார். இரண்டு அணியாகப் பிரித்துத் தனித்தனியே தங்க வைத்தார். பிறகு இரண்டு அணிக்கும் போட்டி வைத்துப் பரிசு அறிவித்தார். சில நாளில் ஓர் அணி இன்னோர் அணியின் கொடியை எரித்தது. அப்புறம் ராத்திரியில் குடிலுக்குள் புகுந்து கலாட்டா. பிறகு குடிதண்ணீர்க் குழாயில் கோளாறு, லாரி கிளம்பவில்லை என்று இரண்டு அணியும் சேர்ந்தால்தான் தீரும் பிரச்சினைகளை உண்டாக்கினார். சேர்ந்து வேலை செய்யச் செய்ய விரோதம் தணிந்தது. பாடப்புத்தகம் இத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வருடம் நடந்து, வெளியே அதிகம் பேசப்படாத கதை. 1953-இல் நியூயார்க் மாநிலத்தில் இதே ஷெரிஃப் இதே மாதிரி ஒரு முகாம் நடத்தினார். அதில் பையன்கள் பிரிக்கப்படுவதற்கு முன்பே ஒருவரோடொருவர் பழகிவிட்டார்கள். சண்டை மூளவில்லை. பொறுமையிழந்த பெரியவர்கள் துணிகளை ஒளித்து வைப்பது, கூடாரத்தைச் சேதப்படுத்துவது என்று விஷமம் செய்துவிட்டு, பழி எதிரணி மேல் விழும் என்று காத்திருந்தார்கள். பையன்கள் கூடிப் பேசி, நம்மில் யாரும் இதைச் செய்யவில்லை, இது பெரியவர்கள் வேலைதான் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள்! சோதனையைப் பாதியில் மூட வேண்டியதாயிற்று.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இரண்டாவது முகாம்தான், தம்பி. அந்தக் கூட்டத்தில் ஒருவரைக்கூடத் தெரியாது என்கிறீர்கள். அப்படியானால் அவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் யாரோ சொன்னது. சொன்னவர் யார், கூடாரத்தைக் கிழித்தது யார் என்று கொஞ்சம் விசாரியுங்கள்.

கேள்வி: விளையாட்டு ரசிகர்களின் வெறி இந்தக் காலத்து வியாதிதானே? – ஒரு பாட்டி

பதில்: இல்லை பாட்டி, உங்களுக்கும் எனக்கும் ரொம்ப முந்தியது. கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) தேர்ப் பந்தய ரசிகர்கள் நீலம், பச்சை என்று இரண்டு கட்சியாக வெட்டிக்கொண்டு சாவார்கள். கி.பி. 532-இல் கலவரம் செய்த சிலரைத் தூக்கிலிட்டபோது கயிறு அறுந்து இரண்டு பேர் பிழைத்துக்கொண்டார்கள். ஒருவன் நீலம், ஒருவன் பச்சை. அவர்களை மன்னிக்கச் சொல்லி ஜென்ம விரோதிகளான இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்து பேரரசர் ஜஸ்டினியனையே எதிர்த்தன. நகரின் பெரும்பகுதி எரிந்தது. பந்தயத் திடலுக்குள் மடக்கிக் கொல்லப்பட்டவர்கள் முப்பதாயிரம் பேர் என்று அந்தக் கால வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். பொது எதிரி கிடைத்தால் பகைவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று ஆறுதலாகச் சொல்பவர்கள், சேர்ந்து என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஒரு கால்பந்துப் போட்டிக்காக இரண்டு நாடுகள் போருக்குப் போனதாகப் படித்தேன். உண்மையா? – ஒரு பள்ளி மாணவி

பதில்: போர் உண்மை, காரணம் பாதி உண்மை. மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ், எல் சால்வடோர் என்று அடுத்தடுத்து இரண்டு நாடுகள். எல் சால்வடோர் சின்ன நாடு, ஜனம் அதிகம், நிலமெல்லாம் சில குடும்பங்களின் கையில். அதனால் லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டிப் போய் ஹோண்டுராஸில் பயிர் செய்து பிழைத்தார்கள். அங்கேயும் நிலத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பெரிய நிலச்சுவான்தார்களைத் தொடுவதைவிட வந்தேறிகளை விரட்டுவது அரசுக்குச் சுலபமாக இருந்தது. விரட்டப்பட்டவர்கள் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பி நடந்ததைச் சொன்னார்கள். இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதுதான் 1969 ஜூனில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இரண்டு நாடுகளும் மோதின. முதல் ஆட்டத்தில் ஹோண்டுராஸ் 1-0 என்று வென்றது. அடுத்ததில் எல் சால்வடோர் 3-0. மெக்சிகோ நகரில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில் கூடுதல் நேரம் போய் எல் சால்வடோர் 3-2 என்று வென்றது. ஜூலை 14-இல் போர். நூறு மணி நேரம் போல நடந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாக 1980 ஆனது.

எல் சால்வடோர் மறு வருடம் உலகக் கோப்பைக்குப் போனது. மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நிலத் தகராறு வருடக்கணக்காக இருந்தது. ஆனால் நிலச் சட்டத்தைப் பற்றித் தெருவில் நின்று கத்த முடியாது. தோற்றோம், சிரித்தார்கள், நம் ஆட்களை அடித்தார்கள் என்றால் கத்தலாம். மைதானம் அவமானத்துக்கு ஒரு ஸ்கோர் கொடுத்தது.

கேள்வி: நாடுகளுக்குமா ரோஷம் இருக்கும்? அவை லாப நஷ்டம் பார்த்துத்தானே நடக்கின்றன? – ஓய்வுபெற்ற அதிகாரி

பதில்: லாப நஷ்டம் மட்டும் பார்ப்பவர்கள் ரயில் பெட்டியை மியூசியத்திலிருந்து இழுத்துக்கொண்டு வருவார்களா?

பிரான்ஸ், ஜெர்மனி கதையைச் சொல்கிறேன். 1870 ஜூலையில், ஜெர்மானிய அரசுகளில் பெரியதான பிரஷ்யாவின் மன்னருக்கும் பிரெஞ்சுத் தூதருக்கும் எம்ஸ் என்ற ஊரில் நடந்த பேச்சைப் பற்றி பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்குக்கு ஒரு தந்தி வந்தது. அவர் அதில் பொய் எதையும் சேர்க்கவில்லை. சுருக்கினார். மரியாதையான வார்த்தைகள் போய், தூதரை மன்னர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டதுபோலத் தொனித்தது. அதைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். பிரெஞ்சுக்காரர்கள் தங்களை அவமதித்துவிட்டார்கள் என்று கொதித்தார்கள், ஜெர்மானியர்கள் தங்கள் மன்னரை அவமதித்துவிட்டார்கள் என்று கொதித்தார்கள். ஒரே தந்தி! சில நாளில் பிரான்ஸ் போர் அறிவித்தது, தோற்றது. போருக்கு வேறு காரணங்களும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் எதைத் தொட்டால் பற்றிக்கொள்ளும் என்று பிஸ்மார்க்குக்குத் தெரிந்திருந்தது. (நோட்டீஸ் எழுதும் இளம் வக்கீல்களுக்கு இந்தத் தந்தியைத்தான் பாடமாகச் சொல்வேன், எப்படி எழுதக் கூடாது என்பதற்கு.)

வென்ற ஜெர்மனி தன் பேரரசைப் பிரகடனம் செய்ய பெர்லினுக்குத் திரும்பும்வரை காத்திருக்கவில்லை. 1871 ஜனவரி 18-இல், பிரெஞ்சு மன்னர்களின் வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தில் விழா நடத்தியது. பிரான்ஸ் அதை மறக்கவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும், 1919 ஜூன் 28-இல் அதே மண்டபத்தில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கியது. அதற்கு முன் 1918 நவம்பர் 11-இல் போர் நிறுத்தம் கையெழுத்தானது கொம்பியென் காட்டில் நின்ற ஒரு ரயில் பெட்டியில். அந்தப் பெட்டியை நினைவுச் சின்னமாக வைத்திருந்தார்கள். 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் ஹிட்லர் அதே பெட்டியை வெளியே கொண்டுவரச் செய்து, அதே இடத்தில் நிறுத்தி, ஜூன் 22-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கினார்.

கையெழுத்தை எந்த மேஜையிலும் வாங்கலாம். அந்த மண்டபம், அந்தப் பெட்டி என்று தேடிப் போகும்போது அது ஒப்பந்தம் இல்லை, சொல்லிக்காட்டுதல். அண்ணன் நோட்டைப் பார்த்து வாசித்தாரே, அந்த ரகம்.

அதே இரண்டு நாடுகளும் இன்று நட்பு நாடுகளாகப் பிழைக்கின்றன. 1963 ஜனவரியில் எலிசே ஒப்பந்தம் என்ற நட்பு ஒப்பந்தம் போட்டார்கள். அந்த வருடமே இளைஞர்களை இங்கும் அங்கும் அனுப்ப ஒரு அலுவலகம் திறந்தார்கள். 2006-இல் இரண்டு நாட்டுப் பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு வரலாற்றுப் பாடப்புத்தகத்தின் முதல் பாகம் வந்தது. எனக்கு அந்தப் புத்தகம்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. கணக்கை எந்தத் தேதியிலிருந்து தொடங்குவது என்று இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் அல்லவா? என் கட்சிக்காரர்களில் அதற்கு ஒத்துக்கொண்டவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

கேள்வி: பகை இல்லாமல் இரண்டு நாடுகள் எல்லைத் தகராறு செய்ய முடியுமா? – அதே அதிகாரி, அதே கடிதத்தில்

பதில்: கனடாவும் டென்மார்க்கும் செய்தன. டென்மார்க்கின் ஆளுகையில் உள்ள கிரீன்லாந்துக்குப் பக்கத்தில் ஹான்ஸ் தீவு என்று ஒரு மொட்டைப் பாறை. கனடாக்காரர்கள் போனால் தங்கள் கொடியை நட்டுவிட்டு ஒரு விஸ்கி பாட்டில் வைத்துவிட்டு வருவார்கள். டென்மார்க்காரர்கள் போனால் தங்கள் கொடியும் தங்கள் நாட்டுச் சாராயமும். 1984-இல் தொடங்கியது, 2022-இல் தீவை ஆளுக்கொரு பாதியாகப் பிரித்துக்கொண்டு முடித்தார்கள். அங்கே ஜனங்கள் யாரும் குடியில்லை என்பது பெரிய வசதி.

கேள்வி: ஜனங்கள் நல்லவர்கள், தலைவர்களும் ஊடகங்களும்தான் மூட்டிவிடுகிறார்கள் என்பது சரியா? – ஒரு வாசகி

பதில்: பாதி சரி. ருவாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹூட்டு, துட்சி இரண்டு தரப்பும் பேசுவது ஒரே மொழி, கும்பிடுவது பெரும்பாலும் ஒரே தேவாலயத்தில், ஒருவருக்குள் ஒருவர் கல்யாணமும் செய்துகொண்டவர்கள். இருந்த வித்தியாசத்தை 1930-களில் பெல்ஜியக் காலனி அரசு அடையாள அட்டையில் அச்சடித்துக் கையில் கொடுத்தது. சுதந்திரம் வந்த பிறகும் அந்த வரியை யாரும் எடுக்கவில்லை. 1993-இல் ஆரம்பித்த ஒரு வானொலி, பாட்டுக்கும் கிண்டலுக்கும் நடுவில், துட்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. 1994 ஏப்ரலில் அதிபரின் விமானம் சுடப்பட்டது. நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். சாலைத் தடுப்பில் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வெட்டினார்கள்.

அட்டை அச்சடித்தவர்களும் வானொலி நடத்தியவர்களும் மேலே இருந்தவர்கள். 2003-இல் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் அந்த வானொலியின் பொறுப்பாளர்களுக்குத் தண்டனையும் கொடுத்தது. ஆனால் கத்தியைப் பிடித்தது பல இடங்களில் பக்கத்து வீட்டுக்காரர். கதவைத் திறந்து ஒளித்து வைத்ததும் இன்னொரு பக்கத்து வீட்டுக்காரர்தான். “மூட்டிவிட்டார்கள்” என்று முழுப் பழியையும் மேலே தள்ளிவிட்டால், ஒளித்து வைத்தவருக்கு என்ன பெயர் கொடுப்பீர்கள்?

கேள்வி: பகை மிருக குணம்தானே? மனிதனைத் திருத்த முடியாது. – விரக்தியில் ஒரு வாசகர்

பதில்: மிருகங்களுக்கும் உண்டு. தான்சானியாவின் கோம்பேயில் ஜேன் குடால் கவனித்துவந்த சிம்பன்சிக் கூட்டம் 1970-களின் தொடக்கத்தில் இரண்டாகப் பிரிந்தது. 1974-இலிருந்து நாலு வருடத்தில், பெரிய கூட்டத்தின் ஆண்கள் சின்னக் கூட்டத்தின் வளர்ந்த ஆண்களை ஒவ்வொன்றாக அழித்தன. முன்னே ஒன்றுக்கொன்று பேன் பார்த்துவிட்டவை அவை. குடாலுக்கே அது பெரிய அதிர்ச்சி. ஆனால் சிம்பன்சிகள் பொதுப் பாடப்புத்தகம் எழுதியதாகத் தகவல் இல்லை. விரக்தியை அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தம்பியோடு பல வருடமாகப் பேச்சில்லை. தப்பு அவன் பக்கம்தான், எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நான்தான் முதலில் போக வேண்டுமா? எப்படி ஆரம்பிப்பது? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: யார் முதலில் என்று கேட்டால் யாருக்கு மனசு கேட்கவில்லையோ அவர்தான். ‘எல்லோருக்கும் தெரியும்’ என்கிறீர்களே, அந்த எல்லோரும் உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள். அவர் வீட்டுக்கும் ஒரு எல்லோரும் வந்துபோய்க்கொண்டிருப்பார்கள்.

எப்படி என்பதற்குத் தொழிலில் பார்த்ததைச் சொல்கிறேன். நடுவில் ஆள் அனுப்பாதீர்கள். தூது போகிறவர் நல்லவராக இருந்தாலும் பிஸ்மார்க்கின் தந்தி மாதிரி ஏதாவது ஒரு வரியைச் சுருக்கிவிடுவார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கை நீட்டாதீர்கள். பத்துப் பேர் பார்க்கும்போது இறங்கிவர அவருக்கு வழி இருக்காது, உங்களுக்கும் இருக்காது. விசேஷ வீட்டில் வைத்துப் பேசுவதும் அப்படித்தான். தனியாக, நேரில், முடிந்தால் அவருக்குப் பழக்கமான இடத்தில். மன்னிப்பு, விளக்கம், பழைய நோட்டு எதையும் முதல் நாள் எடுக்க வேண்டாம். “நடந்ததைப் பேசித் தீர்த்துவிடலாம்” என்று உட்கார்ந்தவர்கள் எழுந்து நிற்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு மட்டும் தெரிந்த, உங்களுக்கு நிஜமாகவே தேவைப்படுகிற ஒரு சின்ன விஷயத்தைக் கேட்டுப் போங்கள். அப்பாவின் பழைய மருத்துவச் சீட்டு, ஒரு போட்டோவில் நிற்பவர் பெயர், அம்மா எழுதிய ஒரு முகவரி, ஏதோ ஒன்று. அவரிடம் இருக்கும் ஒன்று உங்களுக்கு வேண்டும் என்பதே அவருக்கு மரியாதை. கொடுத்தால் வாங்கிக்கொண்டு, இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். நீட்ட வேண்டாம்.

அவர் பார்க்கவே மறுத்தால் கோபத்தோடு திரும்பி வந்து நாலு பேரிடம், “நான் இறங்கிப் போனேன், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் கணக்கில் புதிதாக ஒரு பக்கம் ஏறிவிடும். வீட்டில்கூடச் சொல்ல வேண்டாம். எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம். பெயர் போட மாட்டேன்.